பிளக் பக்கம் போகும் பூனை

மரம் சீவுகிற ரூட்டர் மெஷினில் பிட்டை, அதாவது வெட்டுகிற அலகை, மாற்ற நான் குனிந்தால் போதும், எங்கள் வீட்டுப் பூனை எழுந்து மூலைக்குப் போய்விடும். நாலு கால் பூனை இல்லை. என் ஓரகத்தி, கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்தவள். நடக்கிற சத்தமே கேட்காது, அதனால் நான் வைத்த பெயர். ஆண்கள் இருவரும் அலமாரிக் கதவு மாட்ட வெளியே போய்விடுவார்கள். தச்சுப் பட்டறையில் நாங்கள் இரண்டு பேர்தான். கதவுக்கு உப்புத்தாள் போடுவது அவள். கதவின் ஓரத்தை வளைவாகச் சீவுகிற ரூட்டர் என் கையில். அதை இன்னொருத்தி தொட நான் விட்டதே இல்லை.

போன மாதம் மாமனார் வாயைத் திறந்தார்: "சின்னவளுக்கும் ரூட்டர் பழக்கி விடும்மா."

இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிற காலம் இது. இன்றைக்குப் பழகுவாள், நாளைக்கு ரூட்டர் அவளுக்கு, உப்புத்தாள் எனக்கு. வந்த புதிதிலேயே எனக்குப் பாடம் எடுக்கப் பார்த்தவள்தானே!

அதற்கப்புறம்தான் இந்த மூலை விவகாரம் என் கண்ணில் பட்டது. அங்கே பிளைவுட் அடுக்கும், அதன் பின்னால் சுவரில் ரூட்டரின் பிளக்கும் தவிர ஒரு மண்ணும் கிடையாது. பிட்டை மாற்றி, ஸ்பேனரை மேசையில் டங்கென்று வைத்துவிட்டுத் திரும்பினால், பழையபடி உப்புத்தாளோடு உட்கார்ந்திருப்பாள்.

"அங்க என்னடி வேலை உனக்கு?"

"சும்மாக்கா. பலகை எடுக்கப் போனேன்."

கையில் பலகை எங்கே? வயரில் கை வைக்கிறாளோ? மெஷின் கெட்டுப்போனால் பழி யார் தலையில் விழும்? பெரியவளுக்கு மெஷினைக் கையாளத் தெரியவில்லை என்று மாமனாரிடம் ஓதிவிட்டால் முடிந்தது கதை. இரண்டு ராத்திரி எனக்குச் சோறே இறங்கவில்லை.

அந்த வாரம் முகம் பார்க்கும் கண்ணாடி பதித்த கதவு ஒன்று பழுது பார்க்க வந்தது. மூலை தெரிகிற மாதிரி அதை எனக்கு எதிரே சாய்த்து வைத்தேன். மாட்டினாயடி இன்றைக்கு!

ரூட்டரை அணைத்து, மேசையில் படுக்கப் போட்டு, இடது கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, பிட்டை இறுக்கியிருக்கும் நட்டில் ஸ்பேனரைக் கொடுத்தேன். நட்டு அசையவில்லை. என் கண்ணோ கண்ணாடியில். பூனை எழுந்தது. மூலைக்குப் போனது. பிளக் பக்கம் குனிந்தது. வந்த ஆத்திரத்தில் ஸ்பேனரை ஓர் இழுப்பு இழுத்தேன். நட்டு படக்கென்று விட்டது. வலது கை நேராகப் பிட்டின் மேல் போய் விழுந்தது. இடது உள்ளங்கை வழுக்கி சுவிட்சைத் தள்ளிவிட்டது.

டக். சுவிட்ச் ஆன் ஆகிவிட்டது.

மெஷின் சத்தம் போடவில்லை. என் விரல்கள் அப்படியே இருந்தன. கண்ணாடியில் அவள் நிமிர்ந்து நின்றாள். கையில் ரூட்டரின் பிளக்.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஐயோ, இவளையா நான்!

"எத்தனை நாளாடி இது?"

"நீங்க பிட் மாத்தறப்போ எல்லாம்தான். ஸ்பேனரை வைக்கிற சத்தம் கேட்டதும் திரும்பச் சொருகிடுவேன்."

"வாயைத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"பிளக்கைப் பிடுங்கிட்டு மாத்துங்கன்னு வந்த புதுசுலயே சொன்னேனேக்கா. 'சுவிட்சை அணைச்சா போதும், நேத்து வந்தவ எனக்குப் பாடம் எடுக்காதே'ன்னு நீங்கதான் கத்தினீங்க. இப்ப மொதல்ல அந்த சுவிட்சை அணைங்க. இல்லேன்னா இதை நான் சொருக முடியாது."

அணைத்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் பார்த்துவிடக் கூடாதென்று, உப்புத்தாளை வீணாக்குகிறாள் என்று அவளையே திட்டினேன்.

மறுநாள் பிட் மாற்றும் முன் நானே மூலைக்குப் போனேன். பிளக்கைப் பிடுங்கி, மேசைமேல் கண்ணெதிரே போட்டுக்கொண்டேன். ஸ்பேனரை எடுத்தால், கண்ணாடியில் பூனை எழுந்து போகிறது. பிளைவுட் அடுக்குக்குப் பின்னால் எட்டி, வெறும் சுவரைப் பார்க்கிறது.

"அதான் பிடுங்கிட்டேனே! என் மேலயே சந்தேகமா?"

"ஆமாக்கா," என்றாள்.

ஸ்பேனரை அவள் பக்கம் நீட்டினேன்.

"வா, இன்னைக்கு நீ மாத்து. நான் மூலையில நிக்கிறேன்."