பக்கத்து வரிசை

எண்பத்திமூன்றாம் வருடம், கார்த்திகை மாதம், காலை பதினோரு மணி. பனிமூட்டம் இன்னும் காப்பிச் செடிகளின் மேலேயே கிடந்தது.

கொட்டச்சேடு என்ற மலையூருக்கு மேலே இருந்த அந்த எஸ்டேட்டில், மூட்ட நாளில் பழம் பறிப்பவர்களுக்கு அடுத்த வரிசை ஆள் தெரியாது. ஆள் கணக்குப் பார்க்கும் ரைட்டர் கோவிந்தராஜ் அவ்வப்போது விசில் ஊதுவார். வரிசைக்கு ஒருவராக 'ஓ' என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வராவிட்டால் பக்கத்தில் இருப்பவர் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும். காட்டெருமை நடமாடும் சரிவு அது.

அம்மணியால் சத்தம் போட முடியாது. இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை என்று சேலத்து டாக்டர் சொல்லியிருந்தார். மேடு ஏறக் கூடாது. பழம் காயவைக்கும் களத்தில் உட்கார்ந்து பச்சைக்காய் பொறுக்கலாம்.

"களத்துக்கு நான் போகலீங்க" என்றாள் புருஷன் அண்ணாதுரையிடம்.

"ஏன்?"

"அங்க நீங்க இருக்க மாட்டீங்க."

அண்ணாதுரை வற்புறுத்தவில்லை. அவள் பக்கத்து வரிசையில் இருப்பது அவனுக்கும் பிடித்திருந்தது.

நெஞ்சு நோய் தெரிந்தால் ரைட்டர் அவளைக் களத்துக்கு அனுப்பிவிடுவார். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. விசில் கேட்டதும் அண்ணாதுரை தனக்காக ஒரு குரல் கொடுப்பான். பிறகு தொண்டையை இறுக்கி, அவள் குரலில் அவளுக்காக ஒன்று. முதல் நாள் அம்மணி செடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்ற கொரலு இத்தன கேவலமாவா இருக்குது?"

"இத விட மோசம். நான் கொஞ்சம் நல்லாப் பண்ணியிருக்கறேன்."

"சிரிக்க வெக்காதீங்க. மூச்சு வாங்குது."

அந்தக் கார்த்திகைக் காலையிலும் விசில் ஊதியது. அண்ணாதுரை தனக்காக ஒன்று, அவளுக்காக ஒன்று கொடுத்தான். கிளை நிறையப் பழம். கையை எடுக்கவில்லை. அடுத்த விசிலுக்கும் அப்படியே.

எடை போட அம்மணி வரவில்லை. தேடிப் போனான். அவள் சில்வர் ஓக் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் கூடை. பழம் கூடையின் அடியைக்கூட மூடவில்லை. உடம்பு குளிர்ந்திருந்தது.

காரியம் முடிந்து அவன் வேலைக்கு வந்த அன்றும் மூட்டம். விசில் ஊதியது. ஒரு குரல் கொடுத்தான். இன்னொன்றுக்கு வாய் திறந்தது. மூடிக்கொண்டான்.

அம்மணிக்கு அந்தப்பக்க வரிசையில் பறிக்கும் அமலி, செடிகளை விலக்கிக்கொண்டு வந்தாள். தூக்குப்போணியைத் திறந்து காப்பி ஊற்றிக் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டான். குடிக்கவில்லை.

"ஒண்ணு சொல்லோணும்னு இருந்தனுங்கண்ணா. அம்மணி நொம்ப நேரம் தவிச்சிருக்க மாட்டா. மனசப் போட்டு வருத்திக்காதீங்க. கடேசி விசிலுக்குக்கூட அவ கொரலக் கேட்டனுங்க. நல்லாக் கணீர்னு குடுத்தா. கேக்காம இருந்திருந்தா நான் அப்பவே ஓடிப்போய்ப் பாத்திருக்க மாட்டனுங்களா?"