கண் முளைத்த முனை

1

இக்கதை, என் மருமகள் தொலைபேசியில் போட்ட ஒரு கூச்சலிலிருந்து பிறந்தது என்பதை முதற்கண் ஒப்புக்கொள்கிறேன். "மாமா! கண்ணு வந்துடுச்சு!" என்றாள். யாருக்கு என்று வினவினேன். "புழுவுக்கு!" மீதியை வீட்டுக்கு வந்து சொன்னாள். நான் உடனே எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: உடல் அச்சு எனப்படுவது, உயிரணுக்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் வேதிச் சைகைகளால் தலை, வால் ஆகிய திசைகள் தீர்மானிக்கப்பட்டு...

(பாடநூலைப் போலவே அமைந்துவிட்டது. முதுமையில் உயிரியல் படிக்க வந்தவனுக்கு இதில் பெருமையே. எனினும் புழு இன்னும் வந்து சேரவில்லை.)

2

இரண்டாம் தொடக்கம். மருமகளின் ஆய்வுக்கூடம். கண்ணாடித் தட்டில், நகத்துணுக்கு அளவில் ஒரு தட்டைப்புழுத் துண்டு. தலை இல்லை, வால் இல்லை, நடுப்பகுதி மட்டும். இத்தகைய துண்டு, இழந்ததைத் தானே வளர்த்துக்கொள்ளும். வால் பக்கத்து உயிரணுக்கள் ஒரு சைகையை உரக்க எழுப்புகின்றன. தலையை நெருங்க நெருங்க அது தேய்கிறது. உரத்த இடத்தில் வால், அடங்கிய இடத்தில் தலை.*

மருமகள் அந்த ஏற்றத்தாழ்வைத் தலைகீழாக்கினாள். வால் இருந்த இடத்தில் தலை முளைத்தால் அவள் கருத்து வெல்லும். இல்லையேல் ஆய்வை மூடிவிட வேண்டியதுதான் என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார்.

* இவ்விடத்தில் என் மனைவி எட்டிப்பார்த்து, "சத்தம் போடுறது வால்தானா? நம்ம வீட்லயும் அப்படித்தான்" என்று என்னை நோக்கினாள். நீக்க மனம் வரவில்லை.

3

இப்போது ஒரு முனையில் இரு கரும்புள்ளிகள். கண்கள்! ஆனால் எந்த முனை?

அடையாளத்துக்காக வால் பக்கத்தை மட்டும் சாய்வாக வெட்டச் சொல்லியிருந்தாள். வெட்டியவர், அனைவரும் 'கத்தி' என்று அழைக்கும் உடன்பணியாளர்.

"சாய்வு எங்கடா?"

"போட்டேன் தாயே, சத்தியமா. ஆறிப்போச்சு."

"ஆறிப்போச்சா?"

"நாம காயம் ஆறுறதைத்தானே ஆராய்ச்சி பண்றோம்!"

இருவரும் முறைத்துக்கொண்டனர்; பிறகு வயிறு வலிக்கச் சிரித்தனர். (கத்தி இத்தனை எளிதில் மன்னிக்கப்படுவாரா? எனக்கு ஐயமே. அப்படித்தான் நடந்தது என்று அவள் சாதிக்கிறாள்.)

சிரிப்பு அடங்கியதும் அவளுக்குப் பொறி தட்டியது. புழுவின் அடிப்பரப்பிலுள்ள நுண்மயிர்கள், வெட்டுக்கு முன் பழகிய திசையிலேயே துடிக்கும். புதுத் தலை எங்கு முளைத்தாலும், பழைய உடல் சில நாள் பழைய தலைப்பக்கமாகவே ஊரும்.

"ஊர்ந்தா தெரிஞ்சிடும்! கண்ணு முன்னால போனா நாம காலி. பின்னால வந்தா..."

"பின்னால வந்தா?"

"மூச்சு விடாதடா, தட்டு ஆடுது!"

4

முதல் முடிவு: கண்கள் பின்னால் வருகின்றன, துறைத்தலைவர் ஓடிவந்து கைகுலுக்குகிறார். (இதை எழுதியது என் ஆசை.)

இரண்டாம் முடிவு: கண்கள் முன்னே செல்கின்றன, அவள் மேசையைத் துடைத்துவிட்டு, தன் பொருள்களை ஒவ்வொன்றாக...

(இவ்வாக்கியத்தை முடிக்க மாமனாருக்குக் கை வரவில்லை.)

நடந்தது எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். இது மட்டும் உறுதி: துண்டின் ஓரம் நெளிந்தது, துண்டு நகர்ந்தது, அவள் பார்த்தாள்.

"எந்தப் பக்கம்? சொல்லித் தொலையேன்!" என்று கத்தி துள்ளினார்.

அவள் நுண்ணோக்கியை விட்டு எழுந்து, நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

"நீயே பாரு."

கத்தி இரண்டடி பின்வாங்குகிறார். நாற்காலி காலியாக இருக்கிறது. வாசகரே, அமருங்கள்; புழு ஊர்ந்துகொண்டிருக்கிறது.