ஒரு மூடி காபி

வேட்டை சீசன் தொடங்கிய அன்று விடியற்காலையில் ஹாலிஸ் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு கராஜுக்குப் போய், காலியாகக் கிடந்த ஃப்ரீசரின் பிளக்கைச் செருகிவிட்டு வந்தான். ஒவ்வொரு வருடமும் அவன் செய்வதுதான். மலைக்குப் புறப்படும் முன்பே ஃப்ரீசர் ஓட ஆரம்பித்துவிட வேண்டும். ஆனால் இந்த வருடம் அவன் மலைக்குப் போகவில்லை. ஏப்ரலில், வெட்டிச் சாய்த்த மரத்தின் அடிப்பக்கம் எகிறி அடித்து அவன் இடுப்பெலும்பு உடைந்தது. அதற்குப் பிறகு அவன் போய்வந்த இடம் மருத்துவமனை ஒன்றுதான். துப்பாக்கியையும் ஃப்ளாஸ்கையும் எடுத்துக்கொண்டது அவன் மனைவி வெர்னா.

"ரெண்டே விஷயம்தான்," என்றான் ஹாலிஸ், சமையலறை மேஜையில் உட்கார்ந்தபடி. "சுட்டதும் பின்னாடியே ஓடாத. ஃப்ளாஸ்க்கைத் திற, ஒரு மூடி காபி ஊத்து, நிதானமா குடி. அடிபட்டது போய்ப் படுக்கும். துரத்தினா அடுத்த மலைக்கு ஓடிடும்."

"தெரியும்."

"ரெண்டாவது. அடி விழுந்திடுச்சுன்னா அது உன்னுது. கிடைச்சாலும் உன்னுது, கிடைக்காட்டியும் உன்னுது. சீட்டை வெட்டிடணும்."

"பன்னெண்டு வருஷமா உன் பின்னாடி நடந்திருக்கேன் ஹாலிஸ்."

"பின்னாடிதானே நடந்த," என்றான் அவன்.

அவளிடம் இருந்தது ஒரே ஒரு பெண் எல்க்கை, அந்தப் பெரிய மலைமானைச் சுடுவதற்கான அனுமதிச் சீட்டு; தேதியை வெட்டிவிட்டால் அதோடு அவள் வேட்டை முடிந்தது. அவள் தம்பி கிளெட் நெவாடா சுரங்கத்திலிருந்து செப்டம்பரில்தான் மொன்டானாவுக்குத் திரும்பியிருந்தான். ஆறு மாதம் ஊரில் இருந்தால்தான் அவனுக்குச் சீட்டு. அதனால் அவன் துப்பாக்கி இல்லாமல், முதுகில், இறைச்சியைக் கட்டித் தூக்கும் காலிச் சுமைச்சட்டத்தோடு அவள் பின்னால் வந்தான்.

ஒரு எல்க் கிடைத்தால் நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு வசந்தம்வரை கவலையில்லை. போன வருடத்து இறைச்சியின் கடைசிப் பொட்டலத்தை ஆகஸ்டில் பிரித்தார்கள். பெண்பிள்ளைகள் இருவரும் இறைச்சி சுற்றும் வெள்ளைக் காகிதச் சுருளை எடுத்துத் தயாராக ஃப்ரீசர் மேல் வைத்திருந்தார்கள். வெர்னா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்பவள். மீந்த சூப்பை அங்கே எடுத்துவர விடமாட்டார்கள், வாளியில்தான் கொட்டுவார்கள். கடையில் மாட்டிறைச்சி இருக்கும் பக்கம் அவள் தள்ளுவண்டியைத் திருப்பியே பல மாதங்கள் ஆகியிருந்தன.

முதல் இரண்டு வாரம் வெயில் அடித்தது. எல்க் எல்லாம் பாறைக்கு மேலே, மனிதர் போகாத உயரத்தில் இருந்தன. மூன்றாம் வாரம் ஒரே இரவில் இடுப்பளவு பனி விழுந்தது. மந்தைகள் மலையை விட்டு இறங்கின. இறங்கிய இடம் பெரிய பண்ணைக்காரர்களின் புல்வெளி. வேலிக்கு அந்தப் பக்கம் பட்டப்பகலில் இருநூறு எல்க் நின்று வைக்கோல் தின்றன. வேலி நெடுக, நுழையத் தடை என்று பலகைகள்.

"பாரு அக்கா, எவ்வளவு மரியாதையா நிக்குது," என்றான் கிளெட், வண்டிக் கண்ணாடியை இறக்கி. "கையாட்டினா அதுவும் கையாட்டும் போல."

"கண்ணாடிய ஏத்து. குளிருது."

"பண்ணைக்காரன்கிட்ட கேட்டுப் பாக்கலாமே."

"கேட்டாச்சு. வெளியூர்க்காரங்களுக்கு வாடகைக்கு விட்டுட்டாராம்."

"எல்க்கையா?"

"எல்க்கு நிக்கற இடத்தை."

கிளெட் கண்ணாடியை ஏற்றினான். "நான் நெவாடாவுலயே இருந்திருக்கலாம்," என்றான்.

வேலை நாட்களில் அவளால் போக முடியாது. சனியும் ஞாயிறும்தான். நன்றி நவிலும் நாளையொட்டிப் பள்ளி விடுமுறை விட்டதும் நான்கு நாள் தொடர்ச்சியாகப் போனார்கள். வியாழனன்று தேவாலயத்தில் கொடுத்த வான்கோழியைச் சாப்பிட்டுவிட்டு, மத்தியானமே மலையேறினார்கள். அன்று ஒன்றுமில்லை. வெள்ளியும் ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமையோடு சீசன் முடிகிறது.

சனிக்கிழமை சாயங்காலம், கெட்டில் ஓடையின் மேல்முனையில், ஊசியிலை மரங்களிலிருந்து பதினைந்து இருபது எல்க் வரிசையாக வெளியே வந்தன. வெர்னா பனியில் குப்புறப் படுத்தாள். வெளிச்சம் அடங்கிக்கொண்டிருந்தது. இருநூற்றைம்பது கஜம் இருக்கும். வரிசையில் கடைசியாக வந்த பெண் எல்க் நின்று தலையைத் திருப்பியது. அவள் மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, விசையை அழுத்தினாள்.

குண்டு பட்ட சத்தம் தனியாகக் கேட்டது. ஈரத் துணியைத் துவைகல்லில் அடித்ததுபோல. எல்க் முதுகைக் கூன்போட்டு, நான்கு கால்களையும் ஒன்றுசேர்த்து நின்றது. பிறகு மெதுவாக மரங்களுக்குள் போயிற்று. அதற்குள் மற்றவை காணாமல் போயிருந்தன.

"பட்டுடுச்சு!" கிளெட் எழுந்துவிட்டான். "வா, வா."

"இரு."

"என்ன இரு?"

"கூன் போட்டுது பாத்தியா? குண்டு பின்னாடி தள்ளிப் பட்டிருக்கு. வயித்துல. இப்ப போனா எழுந்து ஓடும்."

"அக்கா, பனி கொட்ட ஆரம்பிச்சிருச்சு. மேல பாரு."

அவள் மேலே பார்த்தாள். பெரிய பெரிய துண்டுகளாக, காற்றே இல்லாமல், நேராக இறங்கிக்கொண்டிருந்தது பனி. அவள் ஃப்ளாஸ்கைத் திறந்து மூடியில் காபி ஊற்றினாள். பாதி கையுறையில் சிந்தியது.

"உன் புருஷன் வீட்டுல உக்காந்துக்கிட்டு இங்க வண்டி ஓட்டுறான்," என்றான் கிளெட்.

"வாய மூடு. நீ எத்தனை எல்க் அடிச்சிருக்க?"

அவன் தோளில் விழுந்த பனியைத் தட்டினான். ஒன்றுகூட அடித்ததில்லை. அவள் ஒரு மூடி குடித்தாள். வயிற்றில் பட்டது என்பதால் இன்னொரு மூடி ஊற்றி அதையும் குடித்தாள். காபி ஆறிப்போயிருந்தது. கடைசி மடக்கு தொண்டைக்குள் இறங்கும்போது எதிர்ச் சரிவு கண்ணுக்குத் தெரியவில்லை.

எல்க் நின்ற இடத்தில் கொஞ்சம் முடியும், தேநீர் நிறத்தில் மூன்று சொட்டு இரத்தமும் இருந்தன. மரங்களுக்குள் நாற்பது அடி வரை தடம் தெரிந்தது. அங்கே மற்ற எல்க்கின் தடங்களோடு கலந்து, பிறகு எல்லாமே மேலே விழுந்த பனியில் மழுங்கிப்போயின. தலைவிளக்கைப் போட்டுக்கொண்டு இருவரும் ஒன்றரை மணி நேரம் தேடினார்கள். விளக்கு வெளிச்சத்தில் விழும் பனிதான் தெரிந்தது. தங்கள் தடத்தையே இரண்டு முறை எல்க் தடம் என்று நினைத்துப் பின்தொடர்ந்தார்கள். வேரோடு சாய்ந்து கிடந்த ஒரு மரத்தின் அருகே கிளெட் அவள் தோளைப் பிடித்தான்.

"போதும். நம்மளையும் யாராவது தேடணும்னு வெச்சுக்காத."

வீட்டில் ஹாலிஸ் மக்ரோனி செய்து வைத்திருந்தான். நின்றுகொண்டே சமைத்ததில் முகம் வெளிறியிருந்தது.

"பாத்தியா?" என்றான்.

"தடம்தான்," என்றாள் வெர்னா.

"துப்பாக்கிக்கு வேலையே வரலையா?"

"இல்லை."

கிளெட் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. வெர்னா துப்பாக்கியைக் கராஜில் வைத்தே துடைத்தாள். வெடிமருந்து வாசனை ஹாலிஸின் மூக்குக்குத் தப்பாது. பக்கத்தில் ஃப்ரீசர் ஓடிக்கொண்டிருந்தது. நாளைக்குக் கண்டுபிடித்துவிட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வானம் சுத்தமாக இருந்தது. மூச்சு விட்டால் மூக்கு முடி விறைத்தது. கெட்டில் ஓடைக்கு ஏறி முடிக்கும் முன்பே அண்டங்காக்கைகளின் சத்தம் கேட்டது. கிளெட் நின்று அவளைப் பார்த்தான். அவள் பார்க்காததுபோல நடந்தாள்.

சாய்ந்த மரத்திலிருந்து எண்ணி நூற்றிருபது காலடி. ஒரு குட்டை ஊசியிலை மரத்தின் அடியில், ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. துரத்தாமல் விட்டதால் வேறெங்கும் ஓடாமல் இங்கேதான் வந்து படுத்திருக்கிறது. ஹாலிஸ் சொன்னது சொன்னபடி நடந்திருந்தது. காக்கைகள் கண்களை எடுத்துவிட்டன. பின்பக்கத்தைக் கயோட்டி நரிகள் கிழித்துத் திறந்திருந்தன. வயிறு உப்பி, மேல்பக்கத்துக் கால் தரையில் படாமல் விறைத்து நின்றது.

"இந்தக் குளிருல கெட்டிருக்காது," என்றான் கிளெட். "ராத்திரி பூரா பனியிலதானே கிடந்திருக்கு. ஐஸ்பெட்டி மாதிரி."

வெர்னா கத்தியைத் தொடைப் பக்கம் இறக்கினாள். தோலைப் பிரித்ததும் ஆவி எழுந்தது. பதினேழு மணி நேரம் ஆகியும் உள்ளே கதகதப்பு குறையவில்லை. எல்க்கின் குளிர்கால முடி ஒவ்வொன்றும் உள்ளே கூடாக இருக்கும். வெளியே எத்தனை குளிர் அடித்தாலும் உள்சூட்டை விடாது. உயிரோடு இருக்கும்வரை அது எல்க்கைக் காப்பாற்றுகிறது. செத்தபிறகு அதே முடி இறைச்சியை வேகவைக்கிறது. இடுப்பெலும்பை ஒட்டிய சதை பச்சையும் சாம்பலுமாக இருந்தது. அவள் மண்டியிட்டு முகர்ந்தாள். புளித்த வாடை. முன்னங்காலை அறுத்து எலும்போரம் முகர்ந்தாள். அங்கேயும் அதே வாடை. கழுத்தில் ஒரு துண்டு அறுத்து, வெகுநேரம் மூக்கருகில் வைத்திருந்தாள். நல்லதென்று சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது. ஆனால் இதைத் தின்னப்போவது வீட்டில் இருக்கும் இரண்டு பிள்ளைகள். அதைப் பனியில் வைத்தாள்.

"கிளம்பு," என்றான் கிளெட். "மணி பத்துதான் ஆகுது. இருட்ட இன்னும் ஆறு மணி நேரம் இருக்கு. மந்தை மேலதான் எங்கயோ நிக்குது."

அவள் கையுறையைக் கழற்றி, சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்தாள்.

"அக்கா. என்ன பண்ற?"

"என்ன பண்றேன்னு தெரியுதுல்ல."

"சட்டமா இது? தின்ன முடியாததுக்கு எதுக்குச் சீட்டு? காக்கா கேக்குதா உன்கிட்ட?"

"நான் சுட்டேன்."

"நீ சுட்டது எனக்கும் உனக்கும்தான் தெரியும். உன் புருஷனுக்கே தெரியாது. புள்ளைங்களுக்கு என்ன குடுப்ப? இந்தக் காகிதத்தையா?"

சீட்டின் ஓரத்தில் மாதங்களும் தேதிகளும் அச்சிட்டிருக்கும். எந்த நாளில் விழுந்ததோ அந்த நாளை முக்கோணமாக வெட்டி எடுக்க வேண்டும். அவள் நவம்பரை வெட்டினாள். கத்தி முனையை இருபத்தொன்பதில் வைத்தாள்.

"இன்னைக்கு முப்பது," என்றான் கிளெட்.

"செத்தது நேத்து."

இரண்டு சின்னக் காகித முக்கோணங்களும் பனியில் விழுந்தன. ஒன்றும் கிடைக்காததால் அவர்கள் சுமைச்சட்டம் காலியாகவே இருந்தது. கிளெட் அதைத் தேவையில்லாமல் இரண்டு முறை இறுக்கிக் கட்டினான்.

திரும்பும் வழியில், மேட்டுக் கணவாயில், மந்தை நின்றது. மரத்தைச் சுற்றித் திரும்பியதும் எண்பது கஜத்தில், வயிறுவரை பனியில், காற்று இவர்கள் பக்கம் வீச, பதினைந்து இருபது எல்க். முன்னால் நின்ற கிழட்டுப் பெண் எல்க் ஒன்று அசைபோடுவதை நிறுத்திவிட்டு அவர்களைப் பார்த்தது. ஐந்து வாரத்தில் இவ்வளவு கிட்டத்தில் ஒன்றுகூட நின்றதில்லை.

கிளெட்டின் கை அவள் முழங்கையைத் தொட்டது. "துப்பாக்கியக் குடு," என்றான், உதடு அசையாமல்.

"உனக்குச் சீட்டு இல்லை."

"உனக்கும்தான் இல்லை. குடு."

அவள் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினாள். ஒரு கணம் அவள் விரல் பாதுகாப்புப் பூட்டின் மேல் இருந்தது. அது அவளுக்கே தெரிந்தது. பிறகு பின்பூட்டைத் திறந்து, குண்டுகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் எடுத்தாள். உலோகச் சத்தத்தில் மந்தை அசைந்தது. அவசரமில்லாமல், ஒன்றன் பின் ஒன்றாக, கணவாயைக் கடந்து அந்தப் பக்கம் இறங்கிப் போயிற்று. கடைசியில் போன கன்று ஒருமுறை இடறி எழுந்தது.

கிளெட் பனியை எட்டி உதைத்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு நின்றதும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நேத்து நான் சொன்னேன்ல..." என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

அந்த வீட்டில், சீசன் முடியும் சாயங்காலம் பயன்படாத சீட்டை அடுப்பில் போட்டு எரிப்பது வழக்கம். ஹாலிஸ் விறகடுப்பின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கை நீட்டினான்.

"குடு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

வெர்னா சீட்டைக் கொடுத்தாள். அவன் அதை நெருப்புப் பக்கம் கொண்டுபோனபோது, வெட்டுகளின் வழியே வெளிச்சம் தெரிந்தது. கையை இழுத்துக்கொண்டான். கட்டைவிரலால் ஓரத்தைத் தடவினான்.

"இருபத்தொன்பது," என்றான். "சனிக்கிழமை."

"ஆமா."

"நேத்து ராத்திரி கேட்டேனே."

"கேட்ட."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கூன்போட்டு நின்றதை, இரண்டு மூடி காபியை, சாய்ந்த மரத்தை, நூற்றிருபது காலடியை. காபி என்று வந்த இடத்தில் அவன் கண்ணை மூடித் திறந்தான்.

"பனி கொட்டுறப்ப காத்திருக்கக் கூடாது வெர்னா," என்றான் கடைசியில். "பனி கொட்டினா உடனே போயிடணும். தடம் போயிடும்ல. அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"எனக்குத் தெரியாது."

"நான் சொல்லலையா?"

"இல்லை."

அவன் யோசித்தான். பன்னிரண்டு வருடங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பவன் போல, வெகுநேரம். அவன் முகம் மாறியது.

"சொல்லலை," என்றான்.

சீட்டை அடுப்பில் போடவில்லை. மடித்து மேஜைமேல், உப்புச் சிமிழின் அடியில் வைத்தான். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்து கராஜுக்குப் போனான். வெர்னா மேஜையிலேயே உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஃப்ரீசரின் சத்தம் நின்றது. ஐந்து வாரமாக அது ஓடிக்கொண்டிருந்ததை, நின்ற பிறகுதான் காது கவனித்தது.

"வெர்னா," என்று கராஜுக்குள்ளிருந்து கூப்பிட்டான். "மூடிக்கு முட்டுக் குடுக்கற கட்டை எங்க? மூடியே வெச்சா நாத்தம் பிடிச்சுக்கும்."

அவள் எழுந்து விறகுப் பெட்டியில் அந்தக் கட்டையைத் தேடினாள்.