பிழை: பூஜ்யம்

பூஜ்யமா? பதினோரு நாளா ஒரு பிழைகூட இல்லையா? என் வீட்டுக்காரர் "ஒண்ணுமில்லை" என்று சொல்கிற மாதிரியல்லவா இருக்கிறது!

இந்தத் தொழிற்சாலையில் மெஷின்களைச் சோதிப்பது என் வேலை; திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். தகடு அழுத்தும் பிரஸ் மெஷினின் மோட்டாரில் ஒரு என்கோடர் உண்டு. மோட்டார் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை ஓயாமல் எண்ணாக அனுப்பும். ஒவ்வொரு எண்ணின் வாலிலும் சில சரிபார்ப்பு இலக்கங்கள். வழியில் எண் கெட்டால் வால் பொருந்தாது. மோட்டாரை இயக்கும் டிரைவ் அதை ஒதுக்கிவிட்டுப் பிழைக் கணக்கில் ஒன்று கூட்டும். பிழை மிஞ்சினால் மெஷினையே நிறுத்தும். போன மாதம் தினமும் மூன்று தடவையாவது நின்றது. என்கோடர் கேபிளையும் பவர் கேபிளையும் ஒன்றாகக் கட்டியிருப்பதால் மின் இரைச்சல் எண்ணைக் கெடுக்கிறது, பிரித்துப் போடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன்.

குனிந்து பார்த்தேன். இரண்டும் அதே கட்டில், அதே தூசியோடு.

காலையில் சட்டைப் பொத்தான் போட்டபடி என் வீட்டுக்காரர் சொன்னது இப்போதுதான் உறைத்தது. "தம்பி இன்னைக்கு ஒரு பேப்பர் நீட்டுவான். ரொம்பத் துருவாதே." அண்ணனும் தம்பியும் என்னைப் பற்றி எப்போது பேசிக்கொண்டார்கள்? சந்தேகம் என் கூடப் பிறந்தது என்று இருவரும் கேலி செய்வார்கள். பாதி நானே நம்பியிருந்தேன்.

"என்ன அண்ணி, மெஷினுக்கு நாடி பார்க்கிறீங்களா?" என்றார் அதை ஓட்டுகிற நெட்டையர். சூப்பர்வைசர் என் கொழுந்தன் என்பதால் இங்கே எல்லோருக்கும் நான் அண்ணி. "பாவம், பதினோரு நாளா ஒரு தும்மல்கூட இல்லை."

தகட்டை வைக்க ஒவ்வொரு முறையும் அவர் கை மெஷினின் இறங்கி அழுத்தும் இரும்புத் தலைக்குக் கீழே போய் வரும்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

மெஷின் அசையாமல் நிற்க, அதே மாதிரி மின் இரைச்சல் கிளப்பும் கை டிரில்லைக் கேபிள் பக்கத்தில் முடுக்கினேன். திரையில் எண் ஒரு கணம் எங்கேயோ தாவித் திரும்பியது. பிழை: பூஜ்யம். செட்டிங் பக்கத்தைத் திறந்தேன். சரிபார்ப்பு அணைக்கப்பட்டிருந்தது.

"இனி இதுக்குள்ள கையை விடாதீங்க," என்றேன். நெட்டையர் கையிலிருந்த தகட்டைக் கீழே வைத்தார்.

கொழுந்தன் பாதுகாப்புச் சோதனைப் படிவத்தோடு வந்தான். "அண்ணி, சட்டுனு ஒரு கையெழுத்து."

"சரிபார்ப்பை யார் அணைச்சது?"

"நான்தான். சும்மா கத்திக்கிட்டே இருந்துச்சு, வாயை அடைச்சேன். இப்ப நிக்காம ஓடுதுல்ல?"

"தப்பான எண்ணையும் நம்பி ஓடும். இவர் கை உள்ளே இருக்கறப்ப மெஷின் குதிச்சா?"

"இத்தனை நாள்ல ஒரு தப்பு நடந்துச்சா?"

"எப்படித் தெரியும்? எண்ணுறதைத்தானே நிறுத்தியிருக்கீங்க."

அவன் குரலைத் தாழ்த்தினான். "அண்ணன் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னார்."

"அப்புறம் என்ன?" மூடியைக் கழற்றிப் பேனாவை நீட்டினான்.

சாயங்காலம் வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு முகங்களையும் பார்த்தாக வேண்டும். படிவத்தை மேஜைமேல் அவன் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.

"இதுல போட மாட்டேன், தம்பி," என்றேன் மெதுவாக.