நான்கு வேளை

அம்மா வீட்டுக்குப் போக ஒரு நாள், வர ஒரு நாள். நான்கே நான்கு வேளை சீவாமல் விட்டால் போதும் என்று சாந்தூ மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். அவளுடைய இடது மோதிர விரலிலிருந்து ஏழு ஆண்டுகளாகப் பதநீர் வடிகிறது. கணவன் ஹெங் பனையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்த கோடையில் அது தொடங்கியது. அவன் இடுக்கியால் நசுக்கி வைத்திருந்த பாளை மரத்திலேயே காய்ந்துபோனது. மூன்றாம் நாள் இவள் விரல் சொட்டியது. அவர்கள் ஊரான கம்போங் ஸ்பெயுவில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "உள்ளே குழல்னு ஒன்னு இருந்தா ஏதாவது ஓடத்தானே செய்யும்" என்றார் பக்கத்து வீட்டுப் பனையேறி. பாளைக்கு உள்ள விதியே விரலுக்கும்: காலையும் மாலையும் நுனியை மெல்லிதாகச் சீவ வேண்டும், முதலில் சீவிய கையே கடைசிவரை சீவ வேண்டும், நான்கு வேளை விட்டால் குழல்கள் அடைத்துக்கொள்ளும், பிறகு திறக்காது. முதலில் சீவியவள் மாமியார் யென். அவளால் படுத்த படுக்கையான மகனை விட்டு நகர முடியாது. அதனால் சாந்தூவாலும் முடியாது. விரலில் மூங்கில் குழாய் தொங்க அவள் உட்கார்ந்திருந்தாள். வடிந்ததை யென் வெல்லமாகக் காய்ச்சினாள். மூன்று வயிறுகள் அந்த விரலில் தொங்கின. தங்கையின் கல்யாணம் அவளில்லாமல் நடந்தது. அப்பாவின் சிதையும் அவளில்லாமல் எரிந்தது. வியர்வைகூட இனித்தது, கண்ணீர் மட்டும் உப்பாகவே இருந்ததில் அவளுக்கு ஒரு ரகசிய நிம்மதி.

இப்போது அம்மா இருக்கும் பத்தம்பாங்கிலிருந்து மூன்றாம் முறையாக ஆள் வந்திருந்தார். அம்மா சாப்பிடுவதில்லையாம். மூத்தவள் வந்துவிட்டாளா என்று மட்டும் கேட்கிறாளாம்.

"ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன், அத்தே."

"போ, யாரு வேணாம்னா? விரலை மட்டும் வெச்சுட்டுப் போ" என்றாள் யென். கட்டிலில் ஹெங் சிரித்தான். பிறகு சிரித்ததற்கு வெட்கப்பட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மாலையில் யென் கத்தியைத் தீட்டி, குழாய்க்குப் புகை காட்டி எடுத்து வந்தாள். படியோரம் எறும்புகள் வழக்கம்போல வரிசையாகக் காத்திருந்தன.

"கையக் குடும்மா. பொழுது சாயுது."

சாந்தூ கட்டம்போட்ட துண்டின் முனையைக் கிழித்து விரலைச் சுற்றிக் கட்டினாள். பல்லால் முடிச்சை இறுக்கினாள்.

"இல்ல அத்தே. வேணாம்."

அது முதல் வேளை. யென் கத்தியும் கையுமாக நின்றாள். எறும்புகளுக்குத்தான் முதலில் புரிந்தது. ஒவ்வொன்றாகத் திரும்பிப் படியிறங்கின.