தலைவரின் ஆறு சதவீதம்

சீனாவில், ஷென்யாங் நகரின் அந்தப் பெரிய மருத்துவமனையில் இதய அறுவைப் பிரிவின் தலைவர் கோங், 'புகையில்லாப் பிரிவு' என்ற பித்தளைப் பலகையை மேடையேறி வாங்கினார். அதைக் கொண்டாடப் போன விருந்தில், மூன்றாவது கோப்பை வெள்ளைச் சாராயத்தோடு மகாதமனி கிழிந்து சரிந்தார். அப்போது அவர் வாயில் சிகரெட் இருந்தது. அதை யார் எடுத்து அணைத்தார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. அப்படியொரு சிகரெட்டே இல்லை என்றுதான் மேசையில் இருந்த அத்தனை பேரும் சாதிக்கிறார்கள்.

துணைத்தலைவர் லெய் ஓடிவந்து நெஞ்சைத் திறந்து, கிழிந்த ரத்தக்குழாயை மாற்றித் தைத்தார். லெய்யின் கைவேலையில் குறை சொல்ல முடியாது. முதுகெலும்புதான் கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

அதன் பிறகு கோங், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த டாக்டர் நியே மின்னின் பொறுப்பு. இந்த அறுவையில் தையல் நிற்கும், நுரையீரல் காலை வாரிவிடும். ரத்தத்தில் ஆக்சிஜன் மளமளவென்று இறங்கும். யாருக்கு இறங்கும் என்று முன்கூட்டியே சொல்ல ஒரு கணக்கு உண்டு. எடை, புகைப்பழக்கம் என்று சில விவரங்களைக் கொடுத்தால் சதவீதம் வரும். கூடுதலாக வந்தால் தொண்டைக் குழாயும் சுவாச மெஷினும் இருக்கட்டும். குறைவாக வந்தால் சீக்கிரம் கழற்றலாம். அந்தக் கணக்கை வகுத்தவரே கோங்தான். அதைப் பற்றிய அவருடைய ஆய்வுக் கட்டுரை அச்சுக்குப் போகக் காத்திருந்தது.

இப்போது அதே கணக்கை லெய் தலைவருக்கே போட்டார். எடையில் மரியாதையாகப் பத்து கிலோ குறைத்தார். புகை: இல்லை.

"ஆறே ஆறு சதவீதம்! குழாயை எடுத்துடும்மா, நியே."

"சார், தினமும் படிக்கட்டுல நீங்கதானே அவருக்குப் பத்த வைப்பீங்க?"

"எந்தப் படிக்கட்டு?" என்றார் லெய், கட்டடத்தில் படிக்கட்டே கட்டாதது போல.

"எடுக்கலன்னா தலைவரோட கணக்கு தப்புன்னு ஆயிடும். அவர் எழுந்து வந்து கேட்டா நீ பதில் சொல்றியா?" என்று அவரே தொடர்ந்தார்.

எழுந்து வருவாரா என்பதுதான் நியே மின்னின் கவலை. எக்ஸ்ரேயில் நுரையீரல் இரண்டும் அழுக்குத் துணி மாதிரி இருந்தன. குழாயை உருவினால் மனிதர் மூச்சுக்குத் தவித்தே போய்ச் சேருவார்.

கட்டிலருகே நின்ற கோங்கின் மனைவியைக் கேட்டாள்.

"என் வீட்டுக்காரர் சிகரெட்டைத் தொட்டதே இல்லம்மா."

"அவர் கோட்டுப் பையில ஒரு பெட்டி இருந்ததே, அக்கா?"

"அது விருந்தாளிங்களுக்கு."

கோங் விழித்துத்தான் இருந்தார். நியே மின் குனிந்து கேட்டாள்: "தலைவரே, புகை பிடிப்பீங்களா? தலையை மட்டும் ஆட்டுங்க."

தொண்டையில் குழாய், நெஞ்சில் தையல், மூச்சுக்கு மெஷின். அந்த நிலையிலும் தலைவர் மேடையில் பலகை வாங்கிய அதே கம்பீரத்தோடு இல்லையென்று தலையாட்டினார். நியே மின்னுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தாலும் கௌரவமாகச் சாக வேண்டுமாம்! சாகடித்த பழி மட்டும் அவளுக்கு.

லெய் குழாயின் கட்டைத் தளர்த்தக் கை நீட்டினார்.

"ஒரு நிமிஷம், சார்."

கோங்கின் உடைகள் இருந்த பையிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்தாள். ஒரு சிகரெட்டை உருவி, தலைவர்களுக்குக் கொடுக்க வேண்டிய முறைப்படி, சற்றே குனிந்து இரண்டு கைகளாலும் நீட்டினாள்.

"தலைவரே, ஒண்ணு எடுத்துக்கோங்க."

கோங்கின் வலது கை தானாக எழுந்தது. இரண்டு விரல்கள் அழகாக விரிந்து சிகரெட்டை வாங்கின. குழாய் இருந்த வாயை நோக்கிப் போயின. அதே நொடியில் இன்னொரு கை அவர் முகத்துக்கு முன்னால் நீண்டது. லெய்யின் கை. அதில் லைட்டர்.

"ஐயோ, ஆக்சிஜன்!" என்று நர்ஸ் அலறினாள்.

லெய் லைட்டரைப் பார்த்தார், யாரோ அவர் கையில் திணித்துவிட்டது போல. கோங்கின் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தலைவர் விரலிடுக்கில் சிகரெட்டோடு கண்களை இறுக மூடிக்கொண்டார்.

நியே மின் கணக்கில் புகைக்கு நேரே இருந்த 'இல்லை'யை 'ஆம்' ஆக்கினாள், பத்து கிலோவைத் திருப்பிச் சேர்த்தாள். அறுபத்தெட்டு சதவீதம். குழாய் அப்படியே இருந்தது.

அன்று மாலையே ஆக்சிஜன் சரிந்தது. குழாய் இருந்ததால் மெஷினின் அழுத்தத்தைக் கூட்டி, குப்புறப் புரட்டிப் படுக்கவைத்து, ஒருவழியாகக் கரையேற்றினார்கள்.

வசந்தத்தில் கோங் வேலைக்குத் திரும்பினார். முதல் வேலையாக நியே மின்னை அறைக்குக் கூப்பிட்டார். நன்றி சொல்வார் என்று அவள் எதிர்பார்த்திருந்தால் அது அவள் தப்பு. கட்டுரைக்கான நோயாளிகளின் விவரங்கள் திரையில் திறந்திருந்தன.

"கடைசி ஆளை எடுத்துடு. என்ன சொன்னாலும் நம்ப முடியாத ஆளு. பொய் சொல்றவனை வச்சு எப்படி ஆராய்ச்சி பண்றது?"

கடைசி ஆள் அவர்தான்.

"சரிங்க தலைவரே. புகை விஷயத்துல பொய் சொன்ன மத்தவங்களையும் சேர்த்து எடுத்துடவா?"

கோங் திரையை மேலிருந்து கீழே பார்த்தார். கல்யாணப் பந்தியில் தட்டு வைக்கும் முன்பே சிகரெட் வைக்கும் ஊர். அந்த ஊரின் ஆண்கள் திரை நிறைய வரிசையாக, புகை இல்லை, இல்லை, இல்லை என்று சத்தியம் செய்துகொண்டிருந்தார்கள், அவரவர் மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

"எடுத்தா எத்தனை பேர் மிஞ்சுவாங்க?" என்றார் கோங், குரல் இறங்கி.

"பொம்பளைங்க மிஞ்சுவாங்க, தலைவரே."

வாசலில் நின்றிருந்த லெய்க்கு இருமல் வந்தது.