கொக்குக்கு எண்ணத் தெரியாது

"தலைய மட்டும் லேசா இந்தப் பக்கம் திருப்பிக்கலாமா? ஜன்னல் வெளிச்சம் நல்லா விழும்."

சொன்னவர் புகைப்படச் சங்கத்தின் தலைவர். திருப்பச் சொன்னது, காலையில் செத்துப்போன அப்பாவின் தலையை. மகளுக்கு வந்த ஆத்திரத்தில் அவருடைய கேமராவைப் பிடுங்கித் தெருவில் எறிந்திருப்பாள். அப்பா இருந்தால் கேமராவுக்காக மட்டும்தான் வருத்தப்படுவார் என்று தோன்றவும் விட்டுவிட்டாள்.

"வேணாம் அங்கிள். அப்படியே இருக்கட்டும்."

அறையில் கால் வைக்க இடமில்லை. சித்தப்பா கட்டிலை ஒட்டி நின்றுகொண்டு சவ வண்டிக்காரனோடு போனில் சண்டை போட்டார். சங்கத்துக்காரர்கள் அப்பா எடுத்த நீர்நாய்ப் படத்தைப் பற்றி அடுக்கிக்கொண்டே போனார்கள்.

"வாரக் கணக்கா கழுத்தளவு தண்ணியில நின்னாராம்."

"ஒரே ஒரு ராத்திரி," என்றாள் அம்மா. "அப்புறம் சளி பிடிச்சுப் படுத்துட்டாரு. மருந்து குடுத்தே என் கை ஓஞ்சுது."

யாரும் காதில் வாங்கவில்லை. அம்மா எழுந்து மகளைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"எனக்கு அவர்கிட்டத் தனியாப் பேசணும்டி."

"இப்பவா?"

"வேற எப்ப? வண்டி வந்துரும். படுக்கையில கெடந்தப்பவாவது பேசலாம்னு பாத்தேன். தினம் ஒருத்தன் ஆல்பத்தைத் தூக்கிட்டு வந்து நின்னான்."

மகள் போய்த் தன்மையாகச் சொல்லிப் பார்த்தாள். "இந்த நேரத்துல அண்ணியைத் தனியா விடக் கூடாதும்மா," என்று சித்தப்பா அந்த அறையின் ஒரே நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பேச்சைக் கேட்டு வெளியே போன சங்கத்துக்காரர்கள் இரண்டு பேரும் ஆறுதல் சொல்ல இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள். கெட்டவர்களாக இருந்தால் விரட்டிவிடலாம். இவர்களை என்ன செய்வது?

"கொக்கு வேலைதான் பண்ணணும்," என்றாள் அம்மா.

அது வீட்டுக்குள் புழங்கும் பெயர். ஏரிக்கரையில் இலைதழை போட்டு மூடிய கூடாரத்துக்கு அப்பா ஒருநாளும் தனியாகப் போனதில்லை. அம்மாவும் கூடப் போவாள். இரண்டு பேரும் உள்ளே நுழைவார்கள், அம்மா மட்டும் வெளியே வருவாள். ஆள் போய்விட்டது என்று பறவைகள் திரும்ப வந்து இறங்கும். அவற்றுக்கு எண்ணத் தெரியாது. அம்மா இருமிக்கொண்டும் பேசிக்கொண்டும் போக வேண்டும், திரும்பி மட்டும் பார்க்கக் கூடாது. "என்னைக் கண்டுக்கிட்ட பறவையோட படம் என் படமே இல்ல. அது பயத்தோட படம்," என்று அப்பா மேடைக்கு மேடை சொல்வார், கைதட்டல் கிடைக்கும். வெளியே நடந்து போனவளைப் பற்றி ஒரு மேடையிலும் சொன்னதில்லை. அந்தக் கூடாரத்துக்குள் இருந்துகொண்டு அம்மா ஒரு பறவையைக்கூடப் பார்த்ததில்லை. எல்லோரையும் போல அவளும் அப்பாவின் படப் புத்தகத்தில்தான் பார்த்தாள். மகளுக்கு இது என்றைக்குமே ஆறாத கோபம்.

"இவங்க கொக்கு இல்லம்மா. இவங்களுக்கு எண்ணத் தெரியும்."

"எங்க, பாப்போம்."

அப்பாவுக்குச் சட்டை மாற்ற வேண்டும் என்று சொல்லி எல்லோரையும் கூடத்துக்கு அனுப்பிவிட்டு அம்மாவும் மகளும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். கொஞ்ச நேரம் கழித்து மகள் மட்டும் வெளியே வந்தாள்.

"முடிஞ்சுது. அம்மா பின்பக்கம் குளிக்கப் போயிட்டாங்க. வாங்க, எல்லாரும் வாசலுக்குப் போய் வண்டிக்கு வழி பண்ணுவோம்."

இருமினாள். சத்தமாகப் பேசிக்கொண்டே நடந்தாள். சித்தப்பா, தலைவர், கேமராக்கள் என்று கூட்டம் மொத்தமும் பின்னாலேயே வந்தது. ஒருவரும் எண்ணவில்லை. மகளுக்குச் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது.

வாசலுக்கு வந்த பிறகு, சாத்திய ஜன்னலுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் கேட்டது. வார்த்தை பிடிபடவில்லை. ஆனால் திட்டுகிறாள். மூச்சு விடாமல், ஒன்றையும் மிச்சம் வைக்காமல் திட்டுகிறாள்.

தலைவர் தலையைத் தூக்கினார். "யாரோ பேசற மாதிரி இல்ல?"

"சித்தப்பா, வண்டிக்காரன் எங்க வரானாம்? போன் போட்டு நல்லாச் சத்தமாக் கேளுங்க!"

சித்தப்பாவுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தெருவே அதிர்ந்தது. அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில், உள்ளே குரல் பாதியில் உடைந்து நின்றது.

மகள் திரும்பவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு குனிந்து, வாசலில் தாறுமாறாகக் கிடந்த செருப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரோரம் சத்தம் வரும்படி போடத் தொடங்கினாள்.